கலப்பையைப் பகிர வைக்கும் மண்

கரிசல் மண்ணில் உழுவதற்கு நாள் கிடைப்பதே அரிது. மழை விட்ட கையோடு இறங்கினால் மண் களியாகக் கலப்பையில் அப்பிக்கொள்ளும். மாட்டின் காலும் புதையும், டிராக்டர் சக்கரமும் புதையும். சரி, காயட்டும் என்று விட்டால் ஒரேயடியாகக் கல்லாக இறுகிவிடும். இரண்டுக்கும் நடுவில், கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் லேசாக அழுத்தினால் உதிர்ந்துவிடும் பதம் ஒன்று வரும். சில நாள்தான் அது நிற்கும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பதம் ஊரிலுள்ள எல்லா நிலத்துக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். அத்தனை பேருக்கும் அதே நாளில் ஏர் வேண்டும், ஆள் வேண்டும். இன்றைக்கு உன் நிலம், நாளைக்கு என் நிலம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளாதவர் பருவத்தைத் தவறவிடுவார்.

மணல்சாரி நிலத்தில் உழவுக்கு இந்த நெருக்கடி இல்லை. மழை நின்ற மறுநாளே இறங்கலாம், தனியாளாகவும் சமாளிக்கலாம். கிராமத்து மக்கள் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மனசையும் மரபையும் காரணமாகச் சொல்கிறோம். அதில் ஒரு பெரிய பங்கு மண் துகளின் அளவுக்கும் தண்ணீர் ஓடும் சரிவுக்கும் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

துகளிலிருந்தே பார்ப்போம். மணல் துகள் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும், கண்ணுக்குத் தெரியும். களித்துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. கரிசலில் அதிகம் இருப்பது ஸ்மெக்டைட் என்ற வகைக் களி. அதன் ஒவ்வொரு துகளும் அடுக்கி வைத்த மெல்லிய தாள்களைப் போன்றது. அடுக்குகளுக்கு இடையில் தண்ணீர் நுழைந்து அவற்றை விலக்கும், மண் உப்பும். காய்ந்தால் அடுக்குகள் நெருங்கும், மண் சுருங்கும். உட்பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரே ஒரு கிராம் ஸ்மெக்டைட்டின் பரப்பு 600 முதல் 800 சதுர மீட்டர் வரை வரும். அந்தப் பரப்பு முழுக்க நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் மழை ஓய்ந்த பிறகும், உள்ளே தங்கிய ஈரத்தை வைத்தே கொண்டைக்கடலையையும் சோளத்தையும் விளைவித்துவிட முடிகிறது. கோடையில் அதே நிலம் ஒரு மீட்டர் ஆழத்துக்குக்கூட வெடித்துக் கிடக்கும். சுவர் விரிசல் விடும், நட்ட கம்பம் சாயும். இப்படிப்பட்ட நிலத்தில் வீடு கட்டுபவர் முதலில் அஸ்திவாரத்தைப் பற்றித்தான் கேட்பார்.

வட ஐரோப்பாவின் களிமண் வயல்களில் இந்த நெருக்கடி இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஈரமும் கனமும் சேர்ந்த அந்த மண்ணைக் கீறினால் மட்டும் போதாது, புரட்டிப் போட வேண்டும். அதற்கு வந்த கனத்த கலப்பையை இழுக்கச் சில இடங்களில் நாலு ஜோடி எருதுகள் வரை தேவைப்பட்டன. எட்டு எருதுகளைத் தனியாக வைத்துத் தீவனம் போட எந்தச் சாதாரணக் குடும்பத்தாலும் முடியாது. ஆளுக்கொரு ஜோடி கொண்டுவந்து பூட்டினார்கள். இவ்வளவு நீளமான ஏரை வயல் ஓரத்தில் திருப்புவது பெரும்பாடு. எத்தனை தரம் குறைவாகத் திருப்புகிறோமோ அவ்வளவு நல்லது. ஆகவே வயல்கள் நீண்டு, ஒடுங்கிய பட்டைகளாயின. 220 கெஜம் நீளமும் 22 கெஜம் அகலமும் கொண்ட ஒரு பட்டையைப் பெருக்கினால் 4,840 சதுர கெஜம், அதாவது சரியாக ஒரு ஏக்கர். ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் அது. இன்று நிலப் பத்திரங்களில் நாம் எழுதும் அளவுக்குள் களிமண்ணின் பிடிவாதமும் எருதுகளின் மூச்சும் அடங்கியிருக்கின்றன.

மண்ணைவிடத் தண்ணீர் இன்னும் கறாரானது. தலைமடையில் இருப்பவர் மடையை மூடினால் கடைமடை காயும். அப்படியென்றால் தலைமடைக்காரர் ஏன் தண்ணீர் விட வேண்டும்? இந்தோனேசியாவின் பாலித் தீவில் இதற்குக் கிடைக்கும் பதில் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அங்கே எரிமலைச் சரிவுகளில் படிப்படியாக நெல்வயல்கள். ஒரே வாய்க்காலில் பாய்ச்சும் உழவர்களின் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். எந்த சுபாக் எப்போது நடவு செய்வது என்பதை நீர்க்கோயில்களைச் சுற்றிய கூட்டங்களில் முடிவு செய்கிறார்கள். தலைமடைக்குத் தண்ணீர்க் கவலை இல்லை, பூச்சிக் கவலை உண்டு. புகையான் போன்ற பூச்சிகள் அறுவடையான வயலிலிருந்து பக்கத்துப் பச்சை வயலுக்குத் தாவிப் பிழைத்துக்கொள்ளும். சுற்று வட்டாரம் முழுவதும் ஒன்றாக அறுத்து ஒன்றாகத் தரிசு போட்டால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை, பெரும்பாலானவை பட்டினியில் சாகும். ஆனால் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வந்தால்தானே அவர் தலைமடையோடு சேர்ந்து நடவு செய்ய முடியும்? தண்ணீரை மறித்தால் பூச்சி மேலே ஏறி வரும். இந்தப் பயம்தான் மடையைத் திறக்க வைக்கிறது.

அதற்காக எல்லாரும் ஒரே நாளில் நட்டுவிடவும் முடியாது. சேறடிக்கும் சமயத்தில்தான் நீர்த்தேவை உச்சத்தில் இருக்கும், ஆறு தாங்காது. ஒன்றாக நடும் கூட்டம் சிறிதானால் பூச்சி, பெரிதானால் தண்ணீர்ப் பஞ்சம். இடையில் எங்கோ ஓர் அளவு இருக்கிறது. 1970-களில் புதிய குறுகிய கால நெல் ரகங்கள் வந்தபோது, முறைக்காகக் காத்திருக்க வேண்டாம், முடிந்தவரை அடுத்தடுத்து நடுங்கள் என்று உழவர்களுக்குச் சொல்லப்பட்டது. பூச்சியும் பெருகியது, தண்ணீர்ச் சண்டையும் பெருகியது. பிறகு மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட 172 சுபாக்குகளைக் கணினியில் உருவகப்படுத்தி 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு சுபாக்கும் பக்கத்தில் யாருக்கு நல்ல விளைச்சலோ அவருடைய நடவு அட்டவணையை அடுத்த வருஷம் பின்பற்றும், அவ்வளவுதான் விதி. சில வருஷ ஓட்டத்திலேயே நிஜமான நீர்க்கோயில் ஏற்பாட்டை ஒத்த ஒழுங்கு திரையில் உருவாகிவிட்டது. யாரும் மேலிருந்து திட்டம் போடவில்லை.

இதே தர்க்கத்தை மனித குணம் வரைக்கும் நீட்டிப் பார்த்தவர்களும் உண்டு. உளவியலாளர் தாமஸ் டால்ஹெல்ம் குழுவினர் சீனாவில் 1,162 மாணவர்களைச் சோதித்து 2014-இல் ஆய்வை வெளியிட்டார்கள். நெல் விளையும் பகுதிகளில் வளர்ந்தவர்கள் கூட்டாகச் சிந்திக்கும் போக்குடையவர்கள், கோதுமைப் பகுதிக்காரர்கள் தனித்தன்மையை அதிகம் காட்டினார்கள் என்றது முடிவு. பாரம்பரிய நெல் சாகுபடிக்குக் கோதுமையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு தேவை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. சுவாரசியமான ஆய்வுதான். ஆனால் வரலாறு, நில உடைமை, யார் நிலத்தில் யார் கூலிக்கு இறங்கினார்கள் என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுப் பயிரை மட்டும் காரணமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலம் ஒரு நெருக்கடியைத்தான் தரும். அந்தச் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்று முடிவு செய்பவர்கள் மனிதர்கள்தான்.

அப்புறம் டிராக்டரும் மோட்டாரும் வந்தன. களிமண்ணை உழ எட்டு எருது தேவையில்லை, வாய்க்கால் முறைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. சொந்தமாக ஆழ்துளைக் கிணறு போட்டவர் வாய்க்கால் தூர்வார ஏன் வரப்போகிறார்? பொதுவேலை ஒவ்வொன்றாக நின்றுபோனது. ஆனால் பொதுத் தண்ணீர் போய்விடவில்லை, நிலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. மோட்டார் ஓட ஓட, கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு வடிவத்தில் இறங்கும். என் கூம்பு உங்கள் கிணறு வரை விரிந்தால் உங்கள் மோட்டார் காற்றை இழுக்கும். மடையை மூடியவரைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம், இங்கே யாரைப் பிடிப்பது?

இதைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் ஒரு முயற்சி 2000-களில் ஆந்திரத்தின் வறட்சி மாவட்டங்களில் நடந்தது. உழவர்களே மழைமானி வைத்து மழையளவு குறித்தார்கள், கிணறுகளில் நீர்மட்டம் அளந்தார்கள், எண்களை ஊரில் எல்லாரும் பார்க்கும்படி பலகையில் எழுதினார்கள். ரபி எனப்படும் குளிர்காலச் சாகுபடிப் பருவத்துக்கு முன் ஒன்றாக உட்கார்ந்து, இந்த வருஷம் உள்ளே இறங்கிய நீர் எவ்வளவு, நினைத்த பயிர்களுக்கெல்லாம் தேவைப்படும் நீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். இதைத்தான் நட வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்கைப் பார்த்த பலர், நெல்லைக் குறைத்துத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்குத் தாமாகவே மாறினார்கள்.