ஐலா தீவு விஸ்கியில் ரப்பர் ஷீட்டுப் புகை மணம் எப்படி வந்தது?

ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து கப்பல்கார நண்பர் ஒருவர் கொண்டுவந்த இளம் விஸ்கியைத் திறந்ததும், அருமனைக்காரர் ஒருவர் சொன்னார்: “மக்கா, இது ஷீட்டுக்குப் புகை போடுற மணமில்லா!” மிகச் சரியான மூக்கு. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை அறையிலும் அந்தக் குப்பியிலும் இருப்பது ஒரே வேதிப்பொருள் குடும்பம், ஃபீனால்கள்.

விறகு எரியும்போது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உடைந்து, குவையகால், கிரெசால் போன்ற ஃபீனால்கள் புகையோடு கிளம்பும். ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐலாவில் விறகுக்குப் பதில் பீட். சதுப்பில் பாதி மக்கிப் படிந்த பாசியையும் செடிகளையும் கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். முளைகட்டிய ஈரப் பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால்கள் தானியத்தில் ஏறிவிடும். அந்தக் காலத்துக் கிருமிநாசினிகளில் கிரெசால் இருந்ததால் சிலருக்கு இந்த மணம் ஆஸ்பத்திரியை நினைவூட்டும்.

2005இல் தொடங்கிய கில்ஹோமன், அத்தீவின் சிறிய வடிசாலைகளில் ஒன்று. சொந்த வயல் பார்லிக்கு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு ஃபீனால்) அளவில் புகை ஏற்றுகிறார்கள். வெளியே வாங்கும் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, 50 பிபிஎம் அளவுக்குப் புகை ஏறியே வருகிறது. இது தானியத்தில் எடுக்கும் கணக்கு. வடிக்கும்போது பெரும்பகுதி குறைந்துவிடும்.

வடித்து இறங்கும் சாராயம் தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். சட்டப்படி அது ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும். பீப்பாயின் கருக்கிய உட்புறம் கந்தக வாடையை உறிஞ்சும். ஓக்கின் லிக்னின் வனிலா மணமுள்ள வனிலினைத் தரும். லாக்டோன் எனும் பொருள் தேங்காய் மணத்தையே தரும். ஆண்டுகள் கூடக்கூட இவை முன்னே வந்து, புகை பின்வாங்கும். இளம் விஸ்கியில் மரத்தின் கை இன்னும் ஓங்கவில்லை. அதைப் பழுக்காத சரக்கென்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். பார்லியையும் பீட்டையும் இவ்வளவு நேராக முகர வேறு வழி கிடையாது.

முகர்வதற்கும் ஒரு முறை உண்டு. சுவீடனின் கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் 2017இல் கணினியில் மூலக்கூறுகளை இயக்கிப் பார்த்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அது குவையகாலைச் சூழ்ந்து உள்ளேயே பிடித்துவைக்கிறது. 45 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால், குவையகால் ஆல்கஹாலோடு சேர்ந்து திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது, மூக்குக்கு எட்டுகிறது. பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்த, 60 சதவீதத்தை ஒட்டிய சரக்கென்றால் தண்ணீரைத் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். மொத்தமாக ஊற்றினால் புகையும் சேர்ந்து நீர்த்துவிடும்.