பீடியை மறைக்காதீர்கள்

"டாக்டர், பீடி குடிப்பார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காப்பீடு கிடைக்காதாம்." போன வாரம் வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கெஞ்சினார். உள்ளே கட்டிலில் அவருடைய அப்பா. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நகத்தடி வரை பழுப்பேறியிருந்தன. மூன்று மாதத்துக்கு முன்பு இருமலோடு வேறொரு மருத்துவரிடம் போனபோது "ஒருநாளும் தொட்டதில்லை" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி எக்ஸ்ரே எடுக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது நுரையீரலில் கட்டி.

இந்த மாதத்தில் இது நான்காவது பொய்.

இந்தப் பயத்தை ஊட்டுவது படித்தவர்களின் பேச்சுதான். "தானாகத் தேடிக்கொண்ட நோய், செலவை அவனே கட்டட்டும், என் வரிப்பணம் எதற்கு?" கல்யாணப் பந்தி வரை இதைக் கேட்டு அலுத்துவிட்டேன். அவனே என்றால் யார்? ஆக்சிஜனோடு படுத்திருப்பவர் வேலைக்குப் போயே பல மாதம் ஆகியிருக்கும். பில்லைக் கட்டப்போவது தோட்டை அடகு வைக்கும் மனைவி, கல்லூரியை விட்டு நிற்கும் மகள். இத்தனை காலம் அந்தப் புகையைத் தாங்களும் சுவாசித்தவர்களிடமே அபராதம் கேட்கிறீர்கள். பலர் இந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது மீசை முளைக்கும் வயதில். நாற்பது வருடம் கழித்து அந்தப் பையனுக்கா பில் போடுவது?

பணக்கணக்கு பொய்யில்லை. 2017-18இல் புகையிலை நோய்களால் இந்தியாவுக்கு ஏற்பட்ட இழப்பு, சிகிச்சை, வேலையிழப்பு, அகால மரணம் எல்லாம் சேர்த்து, சுமார் 1.77 லட்சம் கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். புகையிலைக் கலால் வரி வருமானம் அதில் எட்டில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அப்படியானால் அந்தப் பணத்தைக் கடையில் வரியாக வாங்குங்கள், கட்டிலில் வாங்காதீர்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீதத்தோடு செஸ் என்ற கூடுதல் வரியும் போட்டார்கள். என் நோயாளிகள் குடிக்கும் பீடிக்கு அப்போது செஸ் போடவில்லை. பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடச் சட்டம் உண்டு. பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்கும் பையன் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. ஒற்றையாக விற்பதை முதலில் நிறுத்துங்கள்.

நோயாளிகளுக்கும் சொல்கிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புகைபிடிப்பவருக்குச் சிகிச்சை இல்லை என்ற விதி கிடையாது. தனியார் பாலிசி எடுத்தால் பிரீமியம் கூடினாலும் உள்ளதை எழுதுங்கள். மறைத்தால்தான் பிறகு கிளெய்ம் சிக்கலாகும். எத்தனை வயதில் தொடங்கினீர்கள், நாளுக்கு எத்தனை என்பதை மருத்துவரிடம் கூச்சமில்லாமல் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை எடுப்பது என்பதை நாங்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தால் அன்றே வாருங்கள். பழக்கத்தை விடுவதற்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. அறுபது வயதில் விட்டாலும் ஆயுள் கூடும், தயவுசெய்து விடுங்கள். இளம் மருத்துவர்களே, "இல்லை" என்ற பதிலோடு நிற்காதீர்கள், விரல்களைப் பாருங்கள். திட்டினால் அடுத்த முறை உண்மை வராது.

அந்தப் பெண்ணை உட்காரவைத்து, அவர் கண்முன்னேயே கேஸ் ஷீட்டில் எழுதினேன்: பீடி, நாளுக்கு இரண்டு கட்டு, முப்பத்தெட்டு வருடம். நான்காம் நாள் காப்பீட்டு ஒப்புதல் வந்தது.