என்.ஜி.ஓ.: தொண்டு நிறுவனமா, உரிமை அமைப்பா?

சென்னை ஆதம்பாக்கத்தில் என்.ஜி.ஓ. காலனி இருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டதும், "ஒரு காலனி முழுக்கத் தொண்டு நிறுவனங்களா சார்?" என்றார். இல்லை. அந்த என்.ஜி.ஓ.வின் விரிவு 'நான்-கெஜட்டட் ஆபீசர்'. யாருடைய நியமனமும் இடமாற்றமும் அரசிதழில் வெளியாகுமோ அவர் கெஜட்டட் ஆபீசர். சான்றிதழ் நகலில் பச்சை மையால் சான்றொப்பம் இடுபவர். அரசிதழில் பெயர் வராத எழுத்தரும் தட்டச்சரும் என்.ஜி.ஓ.க்கள். நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் இதே பெயரில் குடியிருப்புகள் உண்டு. என்.ஜி.ஓ. சங்கம் என்றால் அரசு ஊழியர் சங்கம் என்றுதான் ஒரு தலைமுறைக்குப் புரியும்.

இன்று அந்த மூன்றெழுத்து வேறு பொருளுக்குக் கைமாறிவிட்டது: 'நான்-கவர்ன்மென்டல் ஆர்கனைசேஷன்'. இந்தத் தொடரை உலக வழக்காக்கியது ஐக்கிய நாடுகள் சாசனம். 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான அந்தச் சாசனத்தின் 71ஆவது பிரிவு, அரசுகளின் பிரதிநிதிகள் அல்லாத அமைப்புகளோடும் ஐ.நா.வின் பொருளாதார சமூக மன்றம் கலந்து பேசலாம் என்று வழி திறந்தது. இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஆற்காடு இராமசாமி முதலியார். நீதிக்கட்சியின் 'ஜஸ்டிஸ்' இதழை நடத்தியவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். 1946இல் பொருளாதார சமூக மன்றம் கூடியபோது அதன் முதல் தலைவரும் அவரே. இந்தச் சொல் அரங்கேறிய மேடையில் சென்னைக்காரர் ஒருவர் தலைமை இருக்கையில் இருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் சொல்லில் ஒரு குறை உண்டு. அது எது அல்ல என்பதை மட்டும் சொல்கிறது, எது என்பதைச் சொல்லவில்லை. தமிழாக்கத்திலும் அந்தக் குறை அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. நாம் 'அரசு சாரா நிறுவனம்' என்கிறோம். இலங்கைத் தமிழர் 'அரச சார்பற்ற நிறுவனம்' என்கிறார்கள். 'சாரா' என்பது 'சாராத' என்பதன் ஈறு கெட்ட வடிவம். ஆகையால் அடுத்து வல்லினம் வந்தால் மிக வேண்டும். 'அரசு சாராத் தொண்டு நிறுவனம்' என்று எழுதுவதே சரி. இலக்கணம் இருக்கட்டும். தெருமுனை மளிகைக் கடையும் அரசு சாராததுதானே? பொருள் எங்கே வந்தது?

அந்தப் பொருளைத் தரத்தான் 'தொண்டு' வந்து சேர்ந்தது. மிகப் பழைய, மிக ஆழமான சொல். அதன் அடிப்பொருள் அடிமைத்தனம். தொண்டன் என்றால் அடிமை. பக்தி இயக்கம் அந்தச் சொல்லைப் புரட்டிப் போட்டது. வலிந்து சுமத்திய அடிமைத்தனம் இழிவு, விரும்பி ஏற்றது பேறு என்றாயிற்று. 'அடியார்க்கும் அடியேன்' என்று சுந்தரர் பாடிய பதிகத்துக்குத் திருத்தொண்டத்தொகை என்றே பெயர். அப்பர் கையில் உழவாரத்தோடு கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். ஆக, தொண்டு என்ற சொல்லுக்குள் குனிந்து நிற்பவர் செய்பவரே, பெறுபவர் அல்ல. இன்றைய வழக்கில் இது தலைகீழாகிவிட்டது. அரிசிப் பையை நீட்டுபவர் நிமிர்ந்து நிற்கிறார், வாங்குபவர் குனிகிறார், புகைப்படம் எடுக்கப்படுகிறது. சொல்லின் மேல் பழியில்லை. ஆனாலும் அதன் இன்றைய நிழல் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க உதவும் ஓர் அமைப்புக்காக விண்ணப்பம் நிரப்பித் தரும் வேலைக்குப் போயிருந்தேன். படிவத்தின் வாசகத்தைத் தமிழில் எழுதித் தந்தவனும் நானே. ஆற்றங்கரைக் குடிசை இடிக்கப்பட்டு அங்கே குடிவைக்கப்பட்ட அம்மா ஒருவர் பேத்தியோடு வந்தார். முதல் வரியை விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "பயனாளியின் பெயர்." நிமிர்ந்து பார்த்தார். "பயனாளி என்றால் யார் தம்பி?"

"பயன் அடைபவர், அம்மா."

"என் வீட்டை இடித்தார்கள். நான் பாத்திரம் தேய்த்த வீடுகள் எல்லாம் இப்போது இரண்டு பஸ் தூரம். இந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்கிறேன். அது நீங்கள் எனக்குக் கொடுக்கும் பயனா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் உண்டு என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அவர் கேட்டது கொடை அல்ல, அந்தப் பிள்ளைக்கு உரியது.

'உரிமை'க்கு வேர் இந்த 'உரி'தான். ஒருவருக்கே சொந்தமாக இருக்கும் தன்மை. 'அன்பிலார் எல்லாம் தமக்குரியர்' என்ற குறளில் வரும் 'உரியர்' இதே சொல்லின் உறவு. உரியதைத் தருபவர் வள்ளல் ஆகமாட்டார். அதைப் பெறுபவர் கடன்பட்டவரும் ஆகமாட்டார். 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியபோது, உதவித்தொகை என்று சொல்லாமல் 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. அந்த ஒரு சொல் மாற்றத்தின் கனம் தமிழ் தெரிந்த எல்லாருக்கும் உடனே புரிந்தது. அப்படியிருக்க, காவல் நிலைய மரணத்துக்கு நீதி கேட்கும் அமைப்பையும், கொத்தடிமைகளை மீட்டு வழக்காடும் அமைப்பையும் செய்தித்தாள்கள் 'தொண்டு நிறுவனம்' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொண்டும் உரிமையும் பகை என்று சொல்ல வரவில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அது 1947இல் சட்டமாயிற்று. ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக அவரே 1930இல் அவ்வை இல்லத்தையும் தொடங்கினார். இல்லம் தொண்டு, சட்டம் உரிமை. ஒரே மனுஷி இரண்டையும் செய்தார். ஆனால் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், சட்டத்தையும் அவர் இரக்கப்பட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும்.

சொல் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சான்று 'சர்வதேச மன்னிப்புச் சபை'. 1961இல் லண்டனில் வழக்கறிஞர் பீட்டர் பெனன்சன் தொடங்கிய அம்னெஸ்டி இன்டர்நேஷனலுக்கு நம் ஏடுகள் வைத்த பெயர். அம்னெஸ்டி என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது; 'நினைவில் கொள்ளாமை' என்பது அதன் மூலப்பொருள். பொதுமன்னிப்பு என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால் மொழிபெயர்ப்பு பிழையில்லை என்பார்கள். ஆனால் மன்னிப்பு என்றதும் தமிழில் முன்னே ஒரு குற்றம் வந்து நின்றுவிடுகிறதே! தன் கருத்தைச் சொன்னதற்காகச் சிறையில் கிடப்பவர் என்ன குற்றம் செய்தார், எதற்கு மன்னிப்பு? அந்தப் பெயரை அம்னெஸ்டி என்றே விடுவது நல்லது.

மனிதாபிமான உதவிக்கு மட்டும் நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. 'மனிதநேயம்' தூய தமிழ் என்று சொல்லிச் சிலர் மாற்றுகிறார்கள். நேயமும் வடமொழி 'ஸ்நேஹ'த்தின் தமிழ் உருவமே. 'துயர்துடைப்பு' என்ற அழகான சொல் இருக்கிறது. அதைவிட அழகாக மக்களே ஒன்று வைத்தார்கள்: பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைப் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள்.

என் கைக்கு வரும் பிரதியில் நான் இப்படித்தான் திருத்துகிறேன். வெள்ளத்தில் உணவும் மருந்தும் தருவது துயர்துடைப்பு அமைப்பு. முதியோரையும் நோயாளிகளையும் பேணுவது தொண்டு நிறுவனம். நீதி கேட்பது மனித உரிமை அமைப்பு. பதிவு பற்றிய செய்தியானால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிந்தது சங்கம், சொத்தை ஒரு நோக்கத்துக்காக ஒப்படைத்து நிறுவியது அறக்கட்டளை. கோயிலில் விளக்குக்கும் பூசைக்கும் நிலம் எழுதிவைத்த 'கட்டளை'யிலிருந்து வந்த சொல் அது. இவை எல்லாவற்றையும் ஒன்றாகச் சுட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அரசு சாரா அமைப்பு.

பெரும்பாக்கத்துப் படிவம் அடுத்த முறை அச்சுக்குப் போனபோது 'பயனாளியின் பெயர்' என்ற வரியை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது 'குழந்தையின் பெயர்' என்றும், அதன் கீழே 'பாட்டி அல்லது பெற்றோர் பெயர்' என்றும் இருக்கிறது.