அடிபடாமல் வந்த ரத்தக்கட்டுக்கு எந்தக் குறியீடு?

"அப்பா எங்கும் விழவில்லை. பலமாக இருமினார், அவ்வளவுதான். வயிற்றில் ரத்தக்கட்டு. மருத்துவமனைச் சீட்டில் காயத்துக்கான குறியீடு போட்டிருக்கிறார்கள். காப்பீட்டுக்காரர்கள் விபத்து எங்கே நடந்தது என்று கேட்கிறார்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு இப்படி நேர்வதுண்டு. இருமும்போது வயிற்றின் முன்தசை வெடுக்கென இறுகுகிறது. அதன் பின்புறம் ஓடும் தமனி கிழிகிறது. ரத்தம் தசையுறைக்குள்ளேயே தேங்கிவிடுகிறது.

நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-10 பட்டியலில் காயங்கள் பெரும்பாலும் 'எஸ்' எழுத்தில் தொடங்கும். வயிற்றுச் சுவரில் அடிபட்டால் எஸ்30.1. அடிபடாமல் தசையில் வந்த கட்டு என்றால் அமெரிக்கப் பதிப்பில் எம்79.81. மூளை உறைக்கடியில் வந்தால் அடிபட்டதற்கு எஸ்06.5, தானாக வந்ததற்கு ஐ62.0. பொருள் ஒன்றேதான், தேங்கிய ரத்தம். காரணம் மாறினால் அத்தியாயமே மாறிவிடும்.

அப்படியானால் தவறு எங்கே நுழைகிறது? நோயின் பெயரைக் கொண்டு குறியீட்டைத் தேடும் அகரவரிசைப் பகுதியின் அடைப்புக்குறியில்! அமெரிக்கப் பதிப்பில் ரத்தக்கட்டு என்ற தலைச்சொல்லை அடுத்து, 'காயத்தால்' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. அப்படி நிற்கும் சொல்லை மருத்துவர் எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான்; குறியீடு மாறாது. ஆகவே வெறுமனே 'ரத்தக்கட்டு' என்று எழுதினாலே அது காயமாகிவிடும். தலைச்சொல்லுக்குக் கீழே உள்தள்ளி அச்சிட்ட சொற்களின் கதை வேறு. 'காயமின்றி' போன்ற அவை மருத்துவர் குறிப்பில் இருந்தால்தான் செல்லும். உயிரில்லாத ஒரு காகிதப் பட்டியல், மருத்துவரின் மௌனத்துக்கும் பொருள் வைத்திருக்கிறது. எத்தனை முறை புரட்டினாலும் எனக்கு இது வியப்புதான்.

மருத்துவர் குறிப்பைப் படித்துக் குறியீடு போடும் குறியீட்டாளர் தானாக ஊகித்து மாற்றக் கூடாது. மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். மருந்துதான் காரணம் என்று அவர் எழுதினால் எம்79.81 உடன் டி68.32, டி45.515ஏ இரண்டும் சேரும். முதல் 'டி' நான்காம் ஆங்கில எழுத்து, ரத்த நோய்களுக்குரியது. அடுத்தது இருபதாம் எழுத்து, மருந்தின் பக்கவிளைவைக் குறிப்பது.

இவை விடுபட்டால், மருந்தால் வந்த ரத்தக்கசிவு விபத்துக் கணக்கில் போய்ச் சேரும். மருந்துப் பாதுகாப்பு ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள், இந்தப் பதிவேடுகளை எழுதும் ஆட்களின் பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வாசகிக்கு: மருத்துவரைப் பார்த்து, 'அடிபடவில்லை' என்பதையும், அவர் கருதும் காரணத்தையும் எழுத்தில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அது கோப்பில் ஏறிய பிறகுதான் குறியீட்டாளர் 'எஸ்' எழுத்தை அழிக்க முடியும்.