அந்தக் கைக்கு ஓய்வு வேண்டுமா, வேலை வேண்டுமா?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையால் குடம் தூக்காதே, துணி பிழியாதே, குழந்தையை வாங்காதே. வெகுகாலம் உலகெங்கும் மருத்துவர்கள் சொன்னதும் இதைத்தான். கை வீங்கிவிடும் என்ற பயம்.

வீக்கம் எப்படி வருகிறது? ரத்த நுண்குழாய்களிலிருந்து எந்நேரமும் கொஞ்சம் நீர் தசைக்கும் தோலுக்கும் கசிகிறது. அதில் மிஞ்சுவதைத் திரட்டி மறுபடி ரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. கையிலிருந்து வரும் நிணநீரில் பெரும்பகுதி அக்குளில் உள்ள கணுக்கள் வழியாகத்தான் போகும். விரலில் புண் வந்தால் அக்குளில் 'நெறி கட்டியிருக்கிறது' என்போமே, அதே கணுக்கள். நோய் அங்கே பரவியிருந்தால் அவற்றை எடுக்க வேண்டியிருக்கும். சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். அப்புறம் வடிகால் குறுகிவிடுகிறது.

கைக்கு வேலை கொடுத்தால் ரத்த ஓட்டம் கூடும், கசிவும் கூடும், குறுகிய வடிகால் தாங்காது. பழைய அறிவுரைக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒன்று விட்டுப்போனது. ரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல் நிணநீருக்குத் தனி பம்ப் கிடையாது. குழாய்கள் தாமே சுருங்கும். பின்னோக்கி வழியாதபடி வால்வுகள் தடுக்கும். மற்றபடி, சுற்றியுள்ள தசை இறுகித் தளர்வதும், மூச்சு இழுத்து விடுவதும்தான் அதை நகர்த்துகின்றன. அசையாத கையில் அந்த உந்துதல் குறைந்துவிடும். தசையும் மெலியும். மெலிந்த கையில் ஒருநாள் காய்கறிப் பையைத் தூக்கினாலே சுளுக்கிக்கொள்ளும், அந்தக் காயமே வீக்கத்தைக் கிளப்பிவிடும்.

1996-இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகு என்ற நீளமான பந்தயப் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். தோளுக்கும் கைக்கும் கடுமையான வேலை. படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார். ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. எனக்கு இந்தப் பெண்களின் துணிச்சல் பெரிதாகத் தெரிகிறது. செய்யாதே என்று எல்லோரும் சொன்னதை அவர்கள் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள்.

சரி, 24 பேரை வைத்து முடிவு கட்டலாமா? முடியாது. 2009-இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்கள். ஒரு பிரிவினர் வாரம் 2 முறை எடை தூக்கினார்கள். ஓராண்டு முடிவில் இவர்களுக்கு மற்றவர்களைவிட வீக்கம் கூடவில்லை. திடீரென வீக்கத் தொல்லை முற்றியது தூக்காதவர்களில் 29 சதவீதம், தூக்கியவர்களில் 14 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கக் கூடாது. அந்த ஆய்வின் உயிரே நிதானம்தான். மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கையில் மாற்றம் இல்லையென்றால் மட்டும் சிறிது ஏற்றினார்கள். பயிற்சியின்போது கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்தார்கள். இறுகும் தசைக்கு வெளியே ஒரு சுவர்போல அது நின்று நிணநீரை மேலே தள்ள உதவும். நடுவில் பயிற்சி விட்டுப்போனால் எடையைக் குறைத்துத் தொடங்க வேண்டும். எப்போது ஆரம்பிப்பது என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் காயம் ஆறியதைப் பார்த்துச் சொல்வார்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்று பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.