ஸ்லேவ், அடிமை, அடிமையாக்கப்பட்டவர்

அடிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஸ்லேவ்' முதலில் ஓர் இனத்தின் பெயர். இடைக்கால ஐரோப்பாவில் ஸ்லாவ் மக்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து விற்றார்கள். அதனால் லத்தீனில் அவர்களைச் சுட்டிய 'ஸ்க்லாவுஸ்' என்ற பெயரே விலைக்கு வாங்கிய ஆளுக்கும் ஆகிவிட்டது.

நம் 'அடிமை'யில் இனம் எதுவும் ஒட்டிக்கொண்டில்லை. அடி என்றால் பாதம். 'மை' தன்மையைச் சொல்லும் விகுதி. காலின்கீழ் இருக்கும் நிலை முதலில், அந்த நிலையில் இருக்கும் ஆள் அப்புறம். ஒரு சிக்கல்: சுந்தரர் 'மீளா அடிமை' என்று பாடும்போது அது அவரே ஏற்றுக்கொண்ட நிலை. சாட்டைக்கும் சந்தைக்கும் நடுவே நின்றவருக்கும் அதே சொல்லா? அதனால்தான் இப்போது 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்று எழுதுகிறார்கள். வாய்க்குள் நுழையச் சிரமம். எனக்கு 'அடிமையாக்கப்பட்டவர்' போதும். ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான் என்பது அதிலேயே தெரிகிறது.

சரி, ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் உச்சியில் 'சுதந்திரம்' என்ற வெண்கலச் சிலை நிற்கிறது. உயரம் 19 அடி 6 அங்குலம். அதன் சுதை மாதிரி ரோமிலிருந்து ஐந்து துண்டுகளாக வந்தது. பூட்டி வைத்திருந்த அதை வெண்கலத்தில் வார்க்க மறுபடி கழற்ற வேண்டியிருந்தது. பூட்டிய இத்தாலியர், கூலியை உயர்த்தினால்தான் கழற்றுவேன் என்றாராம். இணைப்புகளோ சுதைப்பூச்சுக்குள் மறைந்திருந்தன. வார்ப்படசாலையில் வேலை பார்த்த, அடிமையாக்கப்பட்ட ஃபிலிப் ரீட் மாதிரியின் தலையிலிருந்த இரும்பு வளையத்தில் கயிற்றைக் கட்டி, கப்பி போட்டு மெல்ல மெல்ல இழுத்தார். மூட்டு விரிந்து கோடு தெரிந்தது. வார்ப்படசாலை முதலாளி கிளார்க் மில்ஸின் மகன் சொன்னதாகப் பதிவான கதை இது.

ரீடை வாலிப வயதில் சார்ல்ஸ்டனில் 1,200 டாலருக்கு வாங்கியவர் மில்ஸ். வாரநாள் உழைப்பு அவருக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூலி ரீடுக்கு. வார்ப்பு அச்சுகளுக்கு அடியில் நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள ஒரு நாளைக்கு 1.25 டாலர், 33 ஞாயிறுகளுக்கு 41.25 டாலர்.

1862 ஏப்ரல் 16 அன்று தலைநகரில் அடிமைமுறை ஒழிந்தது. இழப்பீடு யாருக்கு? ஆளை வைத்திருந்தவருக்கு! மில்ஸ் 1,500 டாலர் கேட்டு மனுப் போட்டார்; கிடைத்தது 350.40. மனுவில் ரீடைப் பற்றி: வயது 42, குள்ளம், பார்க்க எடுப்பாக இருக்க மாட்டான், ஆனால் புத்திசாலி, வார்ப்பு வேலையில் கெட்டிக்காரன்.

இவரைத் தமிழில் 'அடிமைக் கைவினைஞர்' என்று எழுதினால், அடிமைத்தனமும் அவர் கற்ற தொழிலின் ஒரு பிரிவு போல ஆகிவிடுகிறது. 'வார்ப்புக் கலைஞர், அடிமையாக்கப்பட்டவர்' என்று பிரித்தே எழுதலாம். 1863 டிசம்பர் 2 அன்று சிலையின் கடைசித் துண்டு உச்சிக்கு ஏறியபோது ரீட் விடுதலையாகி ஒன்றரை ஆண்டு கடந்திருந்தது. அந்த நாளைப் பற்றி எழுதும்போது 'வார்ப்புக் கலைஞர்' மட்டும்.