ஹோஸ்ட்: தொகுக்காத தொகுப்பாளர்

போன மாதம் ஒரு நேர்காணல் வீடியோவின் தமிழ் வசன வரிகளைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பேசுகிறவர் அமெரிக்காவில் பார் பாராகப் போய், பாட்டுக்கு ஏற்றபடி பொம்மைக் கிட்டார், டிரம்ஸ் வாசிக்கும் கிட்டார் ஹீரோ, ராக் பேண்ட் மாதிரி வீடியோ கேம்களை வைத்து வாரநாள் ராத்திரிகளில் ஆட்டம் நடத்துகிறவர். அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட வரி தமிழில் இப்படி ஆகியிருந்தது: "நான் மதுக்கூடங்களில் இசைக் காணொளி விளையாட்டு இரவுகளின் சுயேச்சைத் தொகுப்பாளர்."

மூன்று முறை படித்தேன். டெபாசிட் இழந்த வேட்பாளர் ஒருவர் பாட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறார் என்றுதான் தோன்றியது.

சின்னச் சண்டைகளை முதலில் முடித்துவிடுகிறேன். 'இசைக் காணொளி' என்றால் தமிழில் பாட்டுக்கு எடுத்த வீடியோ. மூலத்தில் 'வீடியோ' என்ற சொல் பாட்டோடு ஒட்டவில்லை, விளையாட்டோடு ஒட்டுகிறது: பாட்டை வைத்து ஆடும் வீடியோ கேம். எந்தச் சொல் எதோடு சேரும் என்று பார்க்காமல் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாய் மாற்றிக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். 'தாள ஆட்டம்' என்று சொல்லியிருக்கலாம், ஏனென்றால் அங்கே ஆடுகிறவர் இசைப்பதில்லை, தாளத்தைத்தான் பிடிக்கிறார். அப்புறம் 'சுயேச்சை', யாரிடமும் வேலைக்கு இல்லாமல் தனியாகத் தொழில் செய்கிறவர் என்று சொல்ல வந்த சொல். இலங்கையில் 'சுயாதீன' என்று எழுதினால் இயல்பாகவே ஒலிக்கும். தமிழ்நாட்டில் சுயேச்சை என்றால் தேர்தல் சின்னம் தேடுகிறவர். 'சொந்தமாக செட் வைத்திருக்கிறார்' என்றால் நாதஸ்வரக்காரர் முதல் மைக்செட்காரர் வரை எல்லாருக்கும் புரியும். மதுக்கூடத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 'பார்' என்றே எழுதினால் நம் வாசகர் டாஸ்மாக் பக்கத்துக் கொட்டகையையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் நினைத்துக்கொள்வார், டிரம்ஸ் வைக்க அங்கே இடமேது.

இனி 'ஹோஸ்ட்', அந்த வரியில் 'தொகுப்பாளர்' ஆகிவிட்ட மூலச் சொல். லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என்ற சொல்லுக்கு விருந்தளிப்பவர், விருந்தாளி என்று இரண்டு பொருளும் உண்டு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, விருந்தளிப்பவர் என்று நிலைத்தது. ஹோட்டலும் ஹாஸ்பிட்டலும் அதே குடும்பம். நம் 'விருந்து' என்ற சொல்லும் இப்படி இரண்டு பக்கம் பார்க்கும் சொல்தான். முதலில் புதுமை, பிறகு புதிதாக வந்தவர், பிறகு அவருக்குப் போடும் சாப்பாடு. தொல்காப்பியத்தில் விருந்து என்பது செய்யுளின் எட்டு வனப்புகளில், அதாவது அழகுகளில், ஒன்று, புதிதாகப் புனையும் செய்யுளைக் குறிக்கும். சொல் வரலாறு இவ்வளவு போதும். பிறப்பைப் பார்த்துப் பொருள் சொல்வது ஜாதகம் பார்த்து வேலைக்கு ஆள் எடுப்பது மாதிரி. அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்று பார்ப்போம்.

கிட்டார் ஹீரோ 2005-இல் வந்தது. ஹார்மோனிக்ஸ் உருவாக்கியது, ரெட்ஆக்டேன் வெளியிட்டது. (ரெட்ஆக்டேனுக்குச் சென்னையிலும் ஒரு அலுவலகம் இருந்தது, ஆனாலும் நமக்கு இதற்கொரு சொல் வாய்க்கவில்லை.) கிட்டார் வடிவப் பொம்மையின் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பொத்தான்கள். திரையில் அந்தந்த நிறம் இறங்கி வரும்போது பொத்தானை அழுத்தி மீட்ட வேண்டும். 2007-இல் வந்த ராக் பேண்டில் கிட்டாரோடு பேஸ், டிரம்ஸ், மைக் என்று நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். பாருக்குள் ஆட்டம் களைகட்ட இந்த நால்வர் அணிதான் காரணம். தனியாக ஆட வெட்கப்படுகிறவர்கூட மூன்று நண்பர்களோடு மேடை ஏறிவிடுவார்.

இதை நடத்துகிறவர், கூட்டம் குறைவான செவ்வாய், புதன் போன்ற நாளில், கேம் கன்சோல், டிரம்ஸ், இரண்டு மூன்று கிட்டார், மைக், கம்பி, மாற்றுப் பேட்டரி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வருவார். பாரின் டிவியில் படம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்தாலும் தாளம் தப்பும், அதனால் முதலில் படத்தையும் ஒலியையும் அளந்து சரிக்கட்டுவார். ஒரு தாளில் பெயர் எழுதி வாங்குவார். கிட்டாருக்கு வரிசை நிற்கும், பாட ஆள் வராது, ஆளில்லாத இடத்தில் தானே உட்காருவார். குடித்துவிட்டு வருகிறவர் முதல் நிமிடத்திலேயே தோற்று ஆட்டம் பாதியில் நிற்கக் கூடாதே என்று, ராக் பேண்ட் 2-இல் வந்த 'தோல்வி இல்லை' அமைப்பைப் போட்டுவிடுவார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஏறும்வரை மைக்கைப் பிடித்து ஏதாவது பேசி, கிண்டல் செய்து, இறங்குகிறவர்களுக்குக் கைதட்டு வாங்கித் தருவார். டிரம்ஸின் கால்மிதி உடைந்தால் டேப் ஒட்டுவதும் அவர்தான்.

இந்த மனிதர் எதைத் தொகுக்கிறார்?

தொகுப்பது என்றால் சிதறிக் கிடப்பதைச் சேர்த்து ஒழுங்காக்குவது. எட்டுத்தொகையில் இருப்பது அந்தத் 'தொகை'தான். பழைய பாடல்களைத் திரட்டியவர் தொகுப்பாசிரியர். சினிமாவில் படத்தைத் தொகுக்கிறவர் இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறவர், ரசிகர் முகத்தையே பார்க்காதவர். அதே சொல்லை, ரசிகர் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத ஒருவருக்கு எப்படிக் கொடுத்தோம்?

எனக்குப் படுவது இதுதான். 'தொகுத்து வழங்குபவர்' என்று வானொலியில் சொன்னார்கள். நேயர் கடிதங்களையும் பாட்டுகளையும் ஒருவர் உண்மையாகவே தேடிச் சேர்த்தார், பிறகு வழங்கினார். இரண்டு வினையும் உண்மை. டிவி வந்ததும் சொற்றொடர் நீளமாக இருக்கிறதென்று சுருக்கினார்கள். சுருக்கும்போது வைத்துக்கொள்ள வேண்டிய பாதியை விட்டுவிட்டு, விட வேண்டிய பாதியை வைத்துக்கொண்டார்கள். எழுதித் தந்ததைக் கேமரா பார்த்துச் சொல்கிறவர் தொகுப்பாளர் ஆனார், அப்புறம் தொகுப்பாளினியும் வந்தார். இப்போது ஒரே தலைப்பு வரிசையில் 'தொகுப்பாளர்', 'படத்தொகுப்பாளர்' என்று இரண்டு பேர் ஓடுகிறார்கள், ஒருவர் வேலைக்கும் இன்னொருவர் வேலைக்கும் ஒட்டே கிடையாது. வழக்கில் வந்துவிட்டது, டிவியோடு இருக்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன். ஆனால் மேடையில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்கிறவருக்கும் அதையே மாட்டுவது அநியாயம்.

'வழக்குச் சொல்தானே, எல்லாருக்கும் புரிகிறதே' என்பார்கள். புரியவில்லை என்பதுதான் என் வாதம். அந்த வசன வரியை வீட்டில் படித்துக் காட்டியபோது, "எடிட்டரா?" என்றுதான் கேட்டார்கள்.

மாற்றாகச் சிலர் 'விருந்தோம்பி' என்கிறார்கள். உயிரியலில் ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கும் உயிருக்கும் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். பாரில் நடப்பதைப் பார்த்தால் அது ஒரு வகையில் பொருத்தம்தான், ஆனால் யார் யாருக்கு இடம் கொடுக்கிறார்? இடம் பார்க்காரருடையது. குடிக்கவும் கொறிக்கவும் தருகிறவர் அவர். பொது இடத்தில் பாட்டு ஒலிக்க ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற உரிமை அமைப்புகளுக்கு வழக்கமாகப் பணம் கட்டுகிறவரும் அவர். விருந்தோம்புகிறவர் பார்க்காரர். நம்மவர் சம்பளத்துக்கு வந்த விருந்தாளி. 'நெறியாளர்' ஆய்வு மாணவருக்கு வழிகாட்டுகிறார், டிவி விவாதத்தில் குறுக்கே பேசுகிறார். 'நடத்துநர்' எல்லாவற்றையும் விடச் சரியான சொல், ஆனால் சில்லறை கேட்கிறார். பேருந்திலிருந்து அவரை இறக்கவே முடியாது.

இதற்கெல்லாம் முன்பே நம்மிடம் ஆள் இருந்தார். தெருக்கூத்துக் கட்டியக்காரன். முதலில் வருவான், யார் வரப்போகிறார்கள் என்று கூவிச் சொல்வான். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே 'நீர் யார், எந்த ஊர்' என்று வம்பிழுப்பான். பாட்டில் வந்ததைப் பேச்சில் உடைத்துச் சொல்வான். உள்ளூர் நடப்பைக் கலந்து சிரிக்க வைப்பான். தூதன், காவலன் என்று ஆள் குறையும் இடத்தில் தானே அந்த வேஷமாவான். விடியும்வரை கூட்டம் தூங்காமல் இருப்பது அவன் பொறுப்பு. பாட ஆள் வராதபோது மைக்கை எடுத்துக்கொள்கிறவருக்கு இதைவிடப் பக்கத்துச் சொந்தம் யார்?

குறைகள் உண்டு. கட்டியம் என்பது அரசர் வருகையைக் கூவும் புகழுரை, அதில் கொஞ்சம் சேவக வாடை இருக்கிறது. கூத்தில் அவன் கோமாளியும்கூட. கன்சோலைத் தூக்கிக்கொண்டு வரும் மைக்செட்காரர் பாதி இந்தச் சொல்லில் அடங்கவில்லை. பெயர்ச்சொல்லை 'கட்டியக்காரர்' என்று மரியாதையாக்கினால் முதல் குறை பாதி தீரும், 'சொந்த செட் வைத்து நடத்தும்' என்று முன்னால் சேர்த்தால் மூன்றாவது தீரும்.

தூய்மைவாதிகள் 'செட்' வேண்டாம் என்பார்கள். இந்தத் தொழிலின் மூத்த அண்ணன் கரோக்கே. கோபேயில் பார்களில் வாசித்துக்கொண்டிருந்த தாய்சுகே இனோவே 1971-இல் அதற்கான இயந்திரத்தைச் செய்து, பார்களுக்கு வாடகைக்கு விட்டார். 'காரா' ஜப்பானியச் சொல், வெறுமை என்று பொருள். 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் நறுக்கிய தலை. பாதி சொந்தம், பாதி கடன், அதை உலகமே சொல்கிறது. நாமோ கடன் வாங்காமல் கௌரவம் பார்த்து, புரியாத ஒன்றை முழுச் சொந்தமாகச் செய்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறோம்.

வசன வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "நான் மதுக்கூடங்களில் தாள ஆட்ட ராத்திரிகள் நடத்துகிறேன். சொந்த செட், நானே கட்டியக்காரர்." திரையில் இரண்டு வரியில் அடங்கியது, எழுத்து எண்ணிக்கையும் அளவுக்குள்தான். ('இரவு' நிகழ்ச்சியைக் குறிக்காது என்று எழுத நினைத்தேன், சிவராத்திரி ஞாபகம் வந்து விட்டுவிட்டேன்.)

நேற்று இறுதிப் பிரதி வந்தது. கட்டியக்காரரைத் தூக்கிவிட்டு 'நிகழ்ச்சி தொகுப்பாளர்' என்று போட்டிருக்கிறார்கள். அதிலும் நடுவில் 'த்' இல்லை.